பிள்ளைகளின் அயல்நாட்டுப் பள்ளி அனுபவம்: பெற்றோர் அறிய வேண்டியவை

அல்லாஹ் மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது, ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தரும் பாடம் இது. பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் பரிமாற்றத் திட்டங்களின் நோக்கமும் இதுதான்.

ஆனால் உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் போன்ற ஊர்களில், வெளிநாட்டுப் படிப்பு என்றாலே கல்லூரி முடித்த பிறகு லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போவது என்றுதான் எண்ணுகிறோம். பள்ளிப் பருவத்திலேயே, பெரிய செலவின்றிப் போகும் வழிகளும் உண்டு.

யெஸ் திட்டம்

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்கும் முஸ்லிம் சமூகங்களுக்கும் இடையே அவநம்பிக்கை வளர்ந்தது. அதைக் குறைக்க 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியதே 'யெஸ்' திட்டம். செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் ஆகியோரின் பெயரைத் தாங்கியது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவ, மாணவியர் ஒரு கல்வியாண்டு அங்குள்ள குடும்பம் ஒன்றுடன் தங்கி, உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் படிப்பார்கள். விமானக் கட்டணம், காப்பீடு, மாதச் செலவுத் தொகை ஆகியவை உதவித்தொகையில் அடங்கும். ஆண்டு முடிந்ததும் தாயகம் திரும்பிவிட வேண்டும்.

இந்தியாவில் இதை ஏஎஃப்எஸ் இந்தியா அமைப்பு நடத்தி வந்துள்ளது. அந்தந்த ஆண்டு அறிவிப்பு, தகுதி, வயது ஆகியவற்றை அந்த அமைப்பிடமே நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். 'இடம் வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

தமிழக அரசின் சுற்றுலாக்கள்

அரசுப் பள்ளிகளில் மன்றச் செயல்பாடுகள், வினாடி வினா, கலைத் திருவிழா போன்ற போட்டிகளில் வெல்வோரைப் பள்ளிக் கல்வித்துறை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கிறது. 2022 நவம்பரில் ஒரு குழு ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்து வந்தது. அடுத்த ஆண்டுகளில் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும் மாணவர்கள் சென்றனர். கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மிக அருகில் இருக்கும் வாசல் இது. போட்டி அறிவிப்பு வரும்போது நம் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி.

தொழுகை, உணவு, தங்குமிடம்

பெற்றோரின் கவலை நியாயமானது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வகுப்புக்கு இடையூறின்றி மாணவர் தாமாகத் தொழுவதற்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஜும்ஆவுக்குச் செல்லும் அனுமதியை அந்தப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். தங்கவைக்கும் குடும்பம் முஸ்லிம் குடும்பமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ஹலால் உணவு, நோன்பு, தொழுகை நேரம் ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

நான்கைந்து நாள் சுற்றுலாவும் ஓராண்டுத் தங்கலும் மார்க்கச் சட்டத்தில் ஒன்றல்ல. ஹனஃபி மத்ஹபில் 15 நாள் தங்க நிய்யத் வைத்தாலே பயணிக்குரிய கஸ்ர் சலுகை இல்லை. ஷாஃபியில் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள்தான். பெண்பிள்ளை மஹ்ரம் இன்றிப் பயணிப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முடிவெடுக்கும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள்.

எதை எடுத்துச் செல்வது?

பரிமாற்றம் என்றால் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும்தான். ஆண்டுதோறும் நவம்பரில் வரும் சர்வதேசக் கல்வி வாரத்தில் யெஸ் மாணவர்கள் தம் நாட்டைப் பற்றி அமெரிக்க வகுப்புகளில் பேசுவார்கள். நம் பிள்ளை என்ன பேசும்?

சொல்வதற்கு நிறைய உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்லி ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ், உமறுப் புலவரின் சீறாப்புராணம், கீழக்கரை பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்கள், ரமளானில் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்க, அக்கம்பக்கத்தாரும் வாங்கிச் செல்லும் நோன்புக் கஞ்சி. இவையெல்லாம் நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு இது புதிதுமல்ல. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளியும், தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து சென்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுப்பியவை. போன இடத்தில் கலந்து வாழ்ந்தார்கள். தீனையும் தமிழையும் விடவில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

* பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்கட்டும். இதில் வரும் வேறுபாட்டால் பாஸ்போர்ட் தாமதமாகலாம்.
* எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும்.
* தனியாகத் தொழவும், தன் மார்க்கத்தைப் பற்றிக் கேட்டால் பணிவாகப் பதில் சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.
* ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் இத்திட்டங்களின் விவரங்களை ஒட்டலாம்.

வேரைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை எங்கே போனாலும் திரும்பி வரும், இன்ஷா அல்லாஹ்.