இரண்டடுக்கு இராக்கெட்டின் தொடக்க முயற்சிகள்

பலூன்கள் எட்டாத உயரத்தில் காற்றின் இயல்பு யாது என அறியக் கருவிகளைச் சுமந்து மேலேறி, மீண்டும் மண்ணில் விழுவன ஆய்வு இராக்கெட்டுகள். அமெரிக்காவில் பிராங்க் மலினா குழுவினர் ஆக்கிய 'வாக் கார்ப்பரல்' அவற்றுள் முன்னோடி. 1945 அக்டோபரில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பாலைநிலத்தினின்று எழுந்து அது ஏறத்தாழ 70 கி.மீ. உயரத்தை எட்டியது. அதற்கும் அப்பால் செல்வது எவ்வாறு?

எரிபொருளை மிகுத்தால் அதனைக் கொள்ளும் கலமும் பெருக்கும். எரிபொருள் தீர்ந்தபின் வெற்றுக் கலமே சுமையாகும். ஆதலின் பயன் முடிந்த பகுதியைக் கழற்றிவிட்டு எஞ்சியதை மட்டும் விரையச் செய்தல் வேண்டும். இவ்வுண்மையை ரஷ்யப் பள்ளியாசிரியராயிருந்த சியோல்கோவ்ஸ்கி முன்னரே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். ஆயினும் செயற்படுத்துதல் எளிதாயில்லை.

போரில் செர்மனியிடமிருந்து கைப்பற்றிய வீ-2 இராக்கெட்டின் முனையில் வாக் கார்ப்பரலைப் பொருத்தும் 'பம்ப்பர்' திட்டம் வகுக்கப்பட்டது. முதற் பறத்தல் 1948 மே 13-இல் நிகழ்ந்தது. தொடக்கத்தில் தோல்விகள் நேர்ந்தன. பிரியும் உயரத்தில் காற்று மிக மெலிந்திருத்தலால் வால்துடுப்புகள் இராக்கெட்டை நிலைநிறுத்தா. எனவே சிறு இராக்கெட்டுகளால் மேலடுக்கைச் சுழலச் செய்தனர். தீமூட்டும் இடர்ப்பாடு எழவில்லை: அதன் நைட்ரிக் அமிலமும் அனிலீன் கலவையும் ஒன்றையொன்று தொட்ட அளவிலேயே பற்றிக்கொள்வன.

1949 பிப்ரவரி 24-இல் ஐந்தாம் பம்ப்பர் எழுந்தது. மேலடுக்கு மணிக்கு 8,000 கி.மீ.க்கும் மிகுந்த விரைவுடன் ஏறத்தாழ 390 கி.மீ. உயரம் சென்றது. மனிதன் ஆக்கிய பொருள் எதுவும் அதற்குமுன் அவ்வளவு உயரம் சென்றதில்லை.

இவ்விடத்து ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. கீழடுக்கான வீ-2 இராக்கெட்டுகள் மிட்டல்வெர்க் என்னும் நிலத்தடித் தொழிற்சாலையில் கைதிகளின் கட்டாய உழைப்பால் உருவானவை. அங்குள்ள மிட்டல்பாவ்-டோரா முகாம்களில் அடைபட்டோர் ஏறத்தாழ 60,000 பேர். பசியாலும் நோயாலும் அடியாலும் மாண்டோர் அவருள் மூன்றில் ஒரு பங்கினர். 390 கி.மீ. என்னும் எண்ணைப் போற்றும் நூல்கள் பல. இவ்வெண்களையும் உடன் வைப்பன சிலவே.

1950 சூலை 24-இல் கேப் கனாவரலினின்று முதன்முதல் ஏவப்பட்டதும் ஒரு பம்ப்பரே. பின்னர் 'நைக்' விமான எதிர்ப்பு ஏவுகணையின் திண்ம எரிபொருள் உந்தி கீழடுக்காயிற்று; ஏவுதற்குமுன் திரவம் நிரப்பும் தொல்லை ஒழிந்தது. படைக்கலத்தின்மேல் ஆய்வுக்கருவி ஏறும் முறை மட்டும் மாறவில்லை.

அவ்வகை இரண்டடுக்கு இராக்கெட்டான நைக்-அப்பாச்சியே 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவினின்று எழுந்தது. ஏவுதளத்திற்காக அவ்வூர் மீனவக் குடும்பங்கள் குடிபெயர்ந்தன. அவர்கள் வழிபட்ட மரிய மகதலேனாள் தேவாலயம் பொறியாளர்களின் பணிக்கூடமாயிற்று. அன்று மாலை மறைந்த கதிரவனின் ஒளி பட்டுச் சோடிய ஆவி வானில் செம்மஞ்சளாய் விரிந்ததைக் கரையோர மக்கள் கண்டனர்.