வயதான நாயும் காந்தி வைத்த நான்கு நிபந்தனைகளும்

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி வரும் பேச்சு இது. வீட்டு நாய்க்கு 12, 13 வயதாகிவிட்டது. மூட்டு தேய்ந்து எழுந்திருக்க முடியவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், "ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடுங்கப்பா" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள், "பாவம், அந்தப் பாவத்தைச் சேர்த்துக்காதே, அதுவாப் போகட்டும்" என்கிறார்கள். இரண்டு பேரும் கருணையைத்தான் பேசுகிறார்கள். எது சரி?

வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்பதால் என் புத்தி பழைய காலத்துக்குத்தான் போகும். இந்தக் கேள்வியும் பழையதுதான்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல்லைப் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலம், கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. கிரேக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. கி.மு. 480-இல் பாரசீகப் படைக்கு அஞ்சி ஏதென்ஸ் மக்கள் ஊரைக் காலி செய்தபோது, சாந்திப்பஸ் என்பவரின் நாய் அவருடைய கப்பலின் பக்கத்திலேயே நீந்தி சலாமிஸ் தீவு வரை போய், கரையேறியதும் இறந்தது. அதைப் புதைத்த இடத்துக்கு 'நாயின் கல்லறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது என்கிறார் புளூட்டார்க்.

வீரம் காட்டிய நாய்க்கு மரியாதை எல்லா ஊரிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் உழைத்து முடித்து, கிழடாகி, வாசலில் படுத்துக்கிடக்கும் நாய்க்கு?

இதைப் பற்றியும் புளூட்டார்க்தான் பேசுகிறார். ரோமாபுரியின் பெரிய மனிதர் கேட்டோ. சிக்கனத்துக்குப் பேர் போனவர். வேளாண்மை பற்றி அவர் எழுதிய நூலில், கிழட்டு மாடு, கிழட்டு அடிமை, நோயாளி அடிமை எல்லாவற்றையும் விற்றுவிடு என்று பண்ணைக்காரருக்கு யோசனை சொல்கிறார். தாம் போரில் ஏறிய குதிரையையே, கப்பல் செலவு மிச்சம் என்று ஸ்பெயினில் விட்டுவிட்டு வந்தவர். அவருடைய வரலாற்றை எழுத வந்த புளூட்டார்க், இந்த இடத்தில் பொறுக்க முடியாமல் குறுக்கே பேசுகிறார். நல்ல மனிதன் நாயைக் குட்டியாக இருக்கும்போது மட்டுமல்ல, முதுமையிலும் பராமரிப்பான் என்பது அவர் கருத்து. ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் எழுதியது.

நம் நாட்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. சோழர், பாண்டியர் நாடுகளின் பெயரும் அதில் வருகிறது. குஜராத்தில் சமணர்கள் முதிய, நோயுற்ற விலங்குகளுக்கு 'பாஞ்சராபோல்' என்ற காப்பகங்களை நடத்தினார்கள். 1623-இல் காம்பே நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, அங்கே பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவமனை இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார். எந்த உயிரையும் மனிதன் முடித்துவைக்கக் கூடாது, கடைசி வரை சோறு போட வேண்டும் என்பது அந்த மரபு.

மேற்கே வேறு எண்ணம் வளர்ந்தது. லண்டன் பாட்டர்ஸீ நாய்கள் இல்லத்துக்காக, 1884-இல் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் நாய்களை வலியில்லாமல் சாகவைக்கும் ஒரு கூடத்தை அமைத்துக் கொடுத்தார். வலியில்லாத சாவும் ஒரு கருணை என்ற எண்ணம் அங்கே ஊன்றிவிட்டது.

இந்த இரண்டு எண்ணங்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் சபர்மதி ஆசிரமம். ஆண்டு 1928.

ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டு விழுந்தது. வைத்தியம் பார்த்தார்கள், பணிவிடை செய்தார்கள். பயனில்லை. புரண்டு படுப்பதற்குக்கூட முடியாத வேதனை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவரும் கைவிரித்துவிட்டார். காந்தி ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று எதிர்ப்பும் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருத்துவரை வைத்து ஊசி போடச் சொன்னார். தாமும் அங்கே இருந்தார்.

அகிம்சையைப் போதித்தவர், அதுவும் குஜராத்தில், அதுவும் பசுவின் கன்றை! கோபக் கடிதங்கள் குவிந்தன. காந்தி மறைக்கவில்லை. தம் பத்திரிகைகளிலேயே எழுதி விவாதித்தார். அந்த விவாதத்தில் அவர் நான்கு நிபந்தனைகளை வைத்தார். என் வார்த்தையில் சொல்கிறேன். ஒன்று, நோய் தீராததாக இருக்க வேண்டும். இரண்டு, சம்பந்தப்பட்ட எல்லோரும் பிழைக்கும் என்ற நம்பிக்கையை இழந்திருக்க வேண்டும். மூன்று, எந்த உதவியும் எந்தப் பணிவிடையும் இனிப் பயன்படாது என்ற நிலை வந்திருக்க வேண்டும். நான்கு, நோயுற்ற உயிரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும்.

வயதான நாய் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். மூட்டுத் தேய்மானம் தீராத நோய்தான். ஆனால் அதனாலேயே நாய் இன்றோ நாளையோ இறந்துவிடாது. நாயால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆக, உண்மையான கேள்வி மூன்றாவது நிபந்தனையில்தான் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது எல்லாம் தீர்ந்துவிட்டதா?

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி இப்போது இருக்கிறது. மணிக்கு 13 வயது. நாட்டு நாய். பின்னங்கால் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. காலையில் எழ ஐந்து நிமிடம் ஆகிறது. என் மகன் ஊசி என்கிறான். என் அண்ணன் விட்டுவிடு என்கிறார். நானும் என் மனைவியும் மூன்றாவது நிபந்தனையைப் பிடித்துக்கொண்டோம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் விவரமாகக் கேட்டபோதுதான், செய்யக்கூடியது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. முதலில் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்ற நாய்கள் சுமார் 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. 'பாவம், வயசான ஜீவன்' என்று பிஸ்கட்டை அள்ளிக் கொடுப்பது அந்தக் காலுக்குப் பாரம்தான்.

அடுத்தது மருந்து. கேட்டோவுக்கும் சமணத் துறவிக்கும் ஏன், காந்திக்குமே இல்லாத வசதி இது. நாய்களுக்கென்றே வந்த கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1997-இல்தான். இன்று வேறு மருந்துகளும் உண்டு. எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான். நம் மாத்திரை டப்பாவில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை. டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் கோணிச் சாக்கு விரித்தோம். படுக்கக் கனமான மெத்தை. வாசல்படிக்குப் பலகைச் சரிவு. நீண்ட நடைக்குப் பதிலாக மூன்று வேளை சின்ன நடை. மழைக் காலத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம். ஒரு மாதத்தில் மணி மறுபடி கேட் வரை போய்ப் பால்காரரைக் குரைக்க ஆரம்பித்தது. 

நான்காவது நிபந்தனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய் பேசாது, ஆனால் தெரிவிக்கும். வலியை அது ஊளையிட்டுச் சொல்லாது. படியேறத் தயங்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தொட்டால் உறுமும், தனியாகப் போய்ப் படுக்கும். இதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்ற ஒற்றைச் சொல்லில் மூடிவிடுகிறோம். 2004-இல் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓர் அளவுகோலைத் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவனுக்கு மதிப்பெண் போடுவதில் சிரமமில்லை. ஞாயிறுதோறும் நானும் மனைவியும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவள் எப்போதும் என்னைவிடக் கறார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960. அதற்கு வழிவகுத்தது கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. பசியிலும் தாகத்திலும் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். 'எங்காவது பிழைச்சுக்கட்டும்' என்று கிழட்டு நாயைக் காரில் ஏற்றி ஊர்க்கோடியில் இறக்கிவிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கேட்டோ குதிரையை விட்டுவந்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் மணியின் மதிப்பெண் 35-க்குக் கீழே போகும். மருந்து கேட்காது, சாப்பாடு இறங்காது, தூக்கினாலும் நிற்காது. அன்று மூன்றாவது நிபந்தனையும் நிறைவேறிவிடும். அதற்கப்புறமும் 'அதுவாகப் போகட்டும்' என்று வலியில் போட்டுவைத்தால், அது என் மனசாட்சிக்காக மணி கொடுக்கும் விலை. அதை வாங்க எனக்கு உரிமை இல்லை. அன்று டாக்டரை வீட்டுக்கே வரவழைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மகனிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டோம். ஊசி போடும்போது மணியின் தலை என் மனைவியின் மடியில் இருக்கும், நானும் பக்கத்தில் இருப்பேன்.

போன ஞாயிறு மதிப்பெண் 46.

உங்கள் வீட்டில் வயதான நாய் இருந்தால், இந்த வாரம் ஒரு தாளில் அந்த ஏழு தலைப்பையும் எழுதி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். வீட்டில் உங்களைவிடக் கறாரான ஒருவரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள்.