படகேறி வந்த ரசிகர்கள்

நம்மூர்க்காரர்களுக்குக் கொல்கத்தா என்றால் ரசகுல்லாவும் ஹவுரா பாலமும்தான். ஆனால் எங்கள் கிளையில் யாரிடமாவது 1911 என்று சொல்லிப் பாருங்கள், லெட்ஜரை மூடிவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்து இறுதிப் போட்டி. மோகன் பகானை எதிர்த்து ஈஸ்ட் யார்க்ஷையர் ரெஜிமெண்ட். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு. நம்மவர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு. 1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்திருந்ததால் டாக்கா அப்போது வேறு மாகாணம். அங்கிருந்தும் ஸ்டீமர், ரயில் மாறி மாறி ரசிகர்கள் வந்தார்கள். ஸ்பெஷல் ரயில்கூட விட்டார்கள். 2 ரூபாய் டிக்கெட் 15 ரூபாய்க்குப் போனதாம். வட்டிக் கணக்கு பார்க்கும் எனக்கே தலை சுற்றுகிறது!

கூட்டத்தில் பலருக்குப் பந்தே தெரியவில்லை. கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்கள். 2-1. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி மோகன் பகான்.

பந்தைப் பார்க்கவா அத்தனை தூரம் வந்தார்கள்? கோடு போட்டுப் பிரித்தவன் தோற்கும்போது அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த டிசம்பரிலேயே பிரிவினை ரத்தானது. 1947இல் மறுபடி கோடு விழுந்தது. அப்போது கிழக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவேயில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று மோகன் பகானுக்கு எதிரே நின்று கத்தும் ஈஸ்ட் பெங்கால் கட்சி.