ஸ்கைடைவிங் கிட்: புதுசுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கணுமா, செகண்ட் ஹேண்ட் வாங்கிடலாமா?

25 முறை விமானத்திலிருந்து குதிச்சாச்சு. தேர்வும் முடிஞ்சது. அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ-வின் 'ஏ' லைசென்ஸ் கையில் வந்துடுச்சு. இனி பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமலே நீங்கள் தனியாகக் குதிக்கலாம். அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: 'சொந்தமா ஒரு கிட் வாங்கணும்!'

இந்தியாவில் ஸ்கைடைவிங் செய்பவர்களில் பலருக்கு அது டேண்டம் ஜம்ப். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பதால், கிட் பற்றிய கவலை நமக்கு இல்லை. ஆனால் படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா, ஐரோப்பா, துபாய் என்று போன இடத்தில் ஆர்வம் வந்து, லைசென்ஸ் வரை போகும் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வந்து நிற்கும் முதல் பெரிய கேள்வி இது. உங்கள் அளவுக்கு, உங்களுக்குப் பிடித்த நிறத்தில் தைத்துத் தரச்சொல்லி மாதக்கணக்கில் காத்திருப்பதா? இல்லை, இன்னொருவர் பயன்படுத்தியதை வாங்கி இந்த வாரமே குதிப்பதா?

பைக்கோ போனோ என்றால் பட்ஜெட்டைப் பார்த்து முடிவெடுத்துவிடலாம். இங்கே பட்ஜெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதுகில் இருப்பது ஒன்றல்ல, நான்கு!

வெளியே பார்த்தால் ஒரே பை. உள்ளே நான்கு தனித்தனி பொருள்கள். முதலாவது, தோளிலும் தொடையிலும் மாட்டும் பெல்ட்டுகளோடு சேர்ந்த பை. இதை கன்டெய்னர் என்பார்கள். இரண்டாவது, ஒவ்வொரு முறையும் விரிக்கும் மெயின் பாராசூட். மூன்றாவது, மெயின் கைவிட்டால் காப்பாற்றும் ரிசர்வ் பாராசூட். நான்காவது, ஏ.ஏ.டி எனப்படும் சின்னக் கருவி. மயக்கத்தாலோ பதற்றத்தாலோ நீங்கள் எதையும் இழுக்காமல் விழுந்துகொண்டே இருந்தால், இந்தக் கருவியே ரிசர்வை விடுவித்துவிடும். ஜெர்மனியில் தயாராகும் சைப்ரஸ் கருவியின் எக்ஸ்பர்ட் மாடல், தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்திலும் நீங்கள் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் வேலை செய்யும்.

இந்த நான்கையும் தனித்தனியாக வாங்கலாம். 'புதுசா, பழசா' என்பது ஒரே கேள்வி இல்லை, நான்கு கேள்விகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதுசுக்கு ஏன் இவ்வளவு காத்திருப்பு?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் டிலேண்ட் என்று ஒரு சின்ன ஊர். வெக்டர் கன்டெய்னர்களைச் செய்யும் யுனைடெட் பாராசூட் டெக்னாலஜிஸ், சேபர் வகை பாராசூட்டுகளைச் செய்யும் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ், மிராஜ் கன்டெய்னர் நிறுவனம் எல்லாம் இங்கேதான். பெயர் பெரிது, ஆனால் கார் ஃபேக்டரி மாதிரி நிமிடத்துக்கு ஒன்று உருட்டிவிடும் தொழில் இல்லை இது. தையல் மெஷினில் ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொருவர் உடல் அளவுக்கும் தைக்கிறார்கள். உயரம், இடுப்பிலிருந்து தோள் வரை நீளம், தொடைச் சுற்று, கால் நீளம் என அளவுகள் அனுப்ப வேண்டும். நிறம், எம்பிராய்டரி, பெல்ட் வகை எல்லாம் உங்கள் விருப்பம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டெய்லர் கடையில் நின்ற அனுபவம் இருக்கா? அதேதான் இங்கேயும். ஆர்டர்கள் வரிசையில் நிற்கும். சில வாரங்களில் வரலாம். சீசனைப் பொறுத்துப் பல மாதங்களும் ஆகலாம். அளவு தப்பாக அனுப்பினால், வந்த பிறகு திருத்த மறுபடி ஒரு வரிசை.

விலை? நான்கும் புதிதாக என்றால் தோராயமாக 8,000 முதல் 10,000 டாலர். ஆப்ஷன்கள் கூடக் கூட அதற்கும் மேலே போகும். நம் பணத்தில் பல லட்சம். நல்ல நிலையிலுள்ள செகண்ட் ஹேண்ட் முழு செட், வயதைப் பொறுத்துச் சுமார் 3,000 முதல் 6,000 டாலருக்குள் கிடைத்துவிடும்.

காத்திருப்புக்கும் விலை உண்டு

'காத்திருந்தா என்ன, காசா பணமா?' என்று தோன்றலாம். காசுதான்! புதுசு வரும்வரை நீங்கள் வாடகை கிட்டில்தான் குதிக்க வேண்டும். ஒரு ஜம்ப்புக்கு சுமார் 30 டாலர் என்று வைத்தாலும், 100 ஜம்ப்பில் 3,000 டாலர் போயிருக்கும். அது ஏறக்குறைய ஒரு பழைய செட்டின் விலை.

அதைவிடப் பெரிய செலவு வேறு. வாடகையை மிச்சம் பிடிக்க, 'என்னோடது வந்ததும் குதிச்சுக்கலாம்' என்று பலர் ஜம்ப்புகளைத் தள்ளிப்போடுவார்கள். புதிதாகக் கற்றவருக்கு இது நல்லதல்ல. 'ஏ' லைசென்ஸ் வைத்திருப்பவர் 60 நாள்கள் குதிக்காமல் இருந்தால், மறுபடி ஒரு பயிற்சியாளரின் மேற்பார்வையில் குதிக்க வேண்டும் என்பது யு.எஸ்.பி.ஏ-வின் பரிந்துரை. கை பழகிய அவசர நடைமுறைகள் அவ்வளவு சீக்கிரம் மறந்துபோகும். பளபளவென்று புது கிட் வந்து சேரும்போது அதை மாட்டும் ஆள் துருப்பிடித்திருந்தால் என்ன பிரயோஜனம்?

ஆபத்தான கணக்கு: 'அதுக்குள்ள நான் வளர்ந்துடுவேன்'

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும்போது, 'வளர்ற பிள்ளை' என்று அம்மா ரெண்டு இன்ச் பெருசா தைக்கச் சொல்வார் இல்லையா? ஸ்கைடைவிங்கில் இது தலைகீழாக நடக்கும். அனுபவம் கூடக் கூட, பாராசூட்டின் அளவு சிறிதாகும். சின்ன பாராசூட் வேகமாகப் பறக்கும், சட்டென்று திரும்பும், வேகமாகத் தரையைத் தொடும். தவறைத் திருத்த நேரம் தராது.

இதை அளக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கிட்டோடு சேர்த்து உங்கள் எடை பவுண்டில். அதை பாராசூட்டின் சதுர அடியால் வகுக்க வேண்டும். உங்கள் எடை 75 கிலோ, அதாவது 165 பவுண்டு. கிட் 25 பவுண்டு. மொத்தம் 190. 'ஏ' லைசென்ஸ்காரருக்கு இந்த விகிதம் 1-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது யு.எஸ்.பி.ஏ. அப்படியானால் உங்களுக்கு 190 சதுர அடி பாராசூட். 170 என்றால் விகிதம் 1.12. 150 என்றால் 1.27.

இப்போது ஆர்டர் ஃபார்மை நிரப்புகிறீர்கள். கன்டெய்னரை எந்த அளவு பாராசூட்டுக்குத் தைக்கணும் என்று கேட்கிறது. 190-க்குத் தைத்தால் ஒரே வருடத்தில் சின்னதுக்கு மாறும்போது பை தொளதொளவென்று ஆகிவிடும். 'எப்படியும் வர எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள நான் 150-க்கு வந்துடுவேன்' என்று மனசு கணக்குப் போடும். அப்படியே ஆர்டரும் போய்விடும். எட்டு மாதத்தில் மழை, வேலை, விசா என ஏதோ காரணத்தால் நீங்கள் குதித்தது என்னவோ இருபதே முறை. ஆனால் வந்து நிற்பது 150-க்கான பை. அதில் 190 நுழையாது. இவ்வளவு செலவழித்தாச்சே என்று 150-ஐ மாட்டிக்கொண்டு மேலே போகத் தோன்றும்.

ஸ்கைடைவிங் விபத்துகளில் கணிசமானவை, பாராசூட் நன்றாக விரிந்த பிறகு தரையிறங்கும் நேரத்தில் நடப்பவை. அந்த நேரத்தில் ஏ.ஏ.டி உங்களைக் காப்பாற்றாது. மெயின் ஒழுங்காக விரிந்திருக்கும்போது அதற்கு வேலையே இல்லை.

ரிசர்வுக்கும் இதே கதைதான். பை ஸ்லிம்மாகத் தெரிய வேண்டும் என்று சின்ன ரிசர்வ் கேட்பவர்கள் உண்டு. ரிசர்வ் விரியும் நாள் நல்ல நாளாக இருக்காது. தோள்பட்டை விலகியிருக்கலாம், கீழே மைதானத்துக்குப் பதில் மரங்கள் இருக்கலாம். அன்றைக்கு உங்களுக்குத் தேவை மெதுவாக இறக்கிவிடும் பெரிய துணி.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் இந்தப் பிரச்னை பெரும்பாலும் இல்லை. இன்றைய உங்களுக்குச் சரியானதை இன்றைக்கு வாங்குகிறீர்கள். வளர்ந்த பிறகு, அதே நிலையில் வைத்திருந்தால், போட்ட பணத்தில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து அடுத்ததுக்கு மாறலாம்.

பழசு வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பழைய பைக் வாங்கினால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போவோம். இங்கே அந்த மெக்கானிக்தான் ரிக்கர். பாராசூட் மடிக்கவும் சோதிக்கவும் உரிமம் பெற்றவர். அமெரிக்காவில், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ரிசர்வை 180 நாள்களுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்திருக்க வேண்டும். அந்த விவரம் எல்லாம் ஒரு கார்டில் பதிவாகியிருக்கும். அதுதான் இந்தப் பையின் ஆர்.சி புக்.

ஏ.ஏ.டி: முதலில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். 2017-க்குப் பிறகு தயாரான சைப்ரஸ் 2-க்கு ஆயுள் பதினைந்தரை ஆண்டு. பெல்ஜியத்தின் விஜில் கருவிக்கு 20 ஆண்டு. ஆயுள் முடியப்போகும் கருவியோடு வரும் செட் மலிவாகத் தெரியும். ஆனால் புதுக் கருவிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் நீங்கள் தனியாக எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

மெயின் பாராசூட்: எத்தனை ஜம்ப் ஆகியிருக்கிறது, கயிறுகள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? ஸ்பெக்ட்ரா வகைக் கயிறுகள் உராய்வுச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். எல்லாக் கயிறும் ஒரே மாதிரி சுருங்காததால் பாராசூட்டின் சமநிலை மாறிவிடும். கயிறு மாற்றச் சில நூறு டாலர் ஆகும். விலை பேசும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ்: எத்தனை முறை மடிக்கப்பட்டது, எத்தனை முறை உண்மையில் விரிந்தது என்று கேளுங்கள். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் ரிசர்வுகளில் இதைக் குறிக்கத் துணியிலேயே கட்டங்கள் அச்சாகியிருக்கும். 20 வயதைத் தாண்டிய ரிசர்வை மடிக்கவே மறுக்கும் ரிக்கர்கள் உண்டு. வாங்கும் முன் உங்கள் ரிக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

கன்டெய்னர்: மாட்டிப் பாருங்கள். எல்லா பெல்ட்டையும் இறுக்கிய பிறகும் தோளில் இடைவெளி இருந்தால், உங்களுக்கு அது பெரிது. அவசரக் கைப்பிடிகள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட முடிகிறதா? சீரியல் நம்பரையும் தயாரிப்புத் தேதியையும் வைத்து, 'இந்த மாடலில் இதைச் சரிசெய்யுங்கள்' என்று நிறுவனம் ஏதாவது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறதா என ரிக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முறை முக்கியம். விற்பவர் கிட்டை நேராக உங்கள் ரிக்கருக்கு அனுப்பட்டும். அவர் பார்த்து 'ஓகே' சொன்ன பிறகுதான் முழுப் பணம். 'இன்னொருத்தர் கேட்கிறார், இப்பவே பணம் போடுங்க' என்று அவசரப்படுத்தினால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

அப்போ புதுசு யாருக்கு?

எல்லோருக்கும் பழசு சரிப்படாது. ரொம்பக் குள்ளம், ரொம்ப உயரம், ரொம்ப ஒல்லி, பருமன் என உடல்வாகு சராசரியிலிருந்து விலகியிருந்தால் பொருந்தும் பழைய கன்டெய்னர் கிடைப்பது கஷ்டம். குறிப்பாக, சின்ன உடல்வாகு கொண்ட பெண்கள் பலர் இதைச் சந்திக்கிறார்கள். பொருந்தாத ஹார்னஸ் உடம்பில் நகரும், விரியும்போது அடி பலமாக விழும், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இவர்களுக்கு அளவெடுத்துத் தைப்பது ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு. அதேபோல், சில நூறு ஜம்ப் முடித்து, 'இன்னும் சில வருடத்துக்கு இதே அளவு பாராசூட்தான்' என்று தெளிவாக இருப்பவரும் தாராளமாக ஆர்டர் கொடுக்கலாம்.

நடுவில் ஒரு வழி

நான்கு பொருள்கள் என்று சொன்னேன் இல்லையா? பிரித்து வாங்குங்கள். ஏ.ஏ.டி-யைப் புதிதாக வாங்கினால் அடுத்த கிட்டுக்கும் அதையே மாற்றிக்கொள்ளலாம். மெயின் பாராசூட்டைப் பழையதாக வாங்கலாம். அதுதான் சீக்கிரம் மாறப்போகிறது. கன்டெய்னர் பழையதாக இருந்தாலும், அளவு கொஞ்சம் மட்டும் தப்பினால் ஹார்னஸை நிறுவனத்திடமோ தகுதியுள்ள ரிக்கரிடமோ கொடுத்து மாற்றித் தைக்கலாம். ஆர்டர் இல்லாமல் ரெடியாகத் தைத்துவைத்த புதுக் கன்டெய்னர்களும் டீலர்களிடம் உண்டு. நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

புதுசுதான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் பத்திரமாக இறக்கும் அளவுக்கு ஆர்டர் கொடுங்கள். மிஞ்சிப்போனால், உங்கள் பயிற்சியாளர் ஒப்புக்கொள்ளும் ஒரு அளவு கீழே. காத்திருக்கும் மாதங்களில் வாடகையிலாவது குதித்துக்கொண்டே இருங்கள்.

ஃபார்மை நிரப்பும் முன்னாலும் சரி, விற்பவருக்கு மெசேஜ் அனுப்பும் முன்னாலும் சரி, உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நாளைக்குக் காலையில காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா, இந்த பாராசூட்டோட என்னை மேலே அனுப்புவீங்களா?' அவர் யோசித்தால், வேற பாராசூட் பார்ப்போம்!