ஒரு சிலிங் கொடுத்துக் கேட்ட பேச்சு

விஞ்ஞானம் ஆய்வுசாலையிலும் நூலகத்திலுமே வளர்ந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். மேடைப் பேச்சு அதற்கு ஆற்றிய தொண்டை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இலண்டன் மாநகர வரலாற்றின் ஒரு பகுதியை நாம் இங்கு சிறிது நோக்குவோம்.

அந்நகரிலே 1799ஆம் ஆண்டில் ரோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் நிறுவனம் தோன்றிற்று. விஞ்ஞானத்தை வாழ்க்கைக்குப் பயன்படச் செய்வதே அதன் நோக்கம். தொழிலாளரும் வந்து கேட்கவேண்டுமெனக் கருதிய சிற்பி தோமஸ் வெப்ஸ்ரர், அவர்கள் மேல்மாடத்துக்குச் செல்லத் தனியே ஒரு கற்படிக்கட்டு அமைத்தார். ஆனால் பாமரருக்குக் கல்வி கொடுப்பது அரசியல் விபரீதம் என்று அஞ்சிய அக்காலத்துப் பெரியோர் அப்படிக்கட்டை இடித்துவிட்டனர்! ஹம்பிரி டேவியின் இரசாயனப் பிரசங்கங்களைக் கேட்கச் செல்வர்களும் சீமாட்டிகளும் திரண்டனர். அச்சீமாட்டிகளுள் ஒருவரான ஜேன் மார்செற், தாம் கேட்டவற்றை உரையாடல் வடிவில் ஒரு நூலாக எழுதினார்.

அந்நூல் ஒரு புத்தகம் கட்டும் கடைக்கு வந்தது. அங்கே தொழில் பயின்ற மைக்கேல் பரடே, கொல்லன் ஒருவரின் மகன், 1791இல் பிறந்தவர். கட்டவந்த நூல்களைப் படிப்பது அவர் வழக்கம். 1810ஆம் ஆண்டில் ரேற்றம் என்பவர் தம் இல்லத்தில் நிகழ்த்திய பௌதிகப் பேச்சுக்களுக்கும் அவர் சென்றார். கட்டணம் பேச்சொன்றுக்கு ஒரு சிலிங். அதைக் கொடுத்தவர், தாமும் கொல்லுத்தொழில் செய்த தமையனார் றொபேட்! அந்தச் சில சிலிங்குகள் உலகுக்கு ஈட்டித்தந்த வட்டியை யார் கணக்கிடுவார்?

1812இல் கடைக்கு வரும் அன்பர் ஒருவர் டேவியின் நான்கு பிரசங்கங்களுக்கு அனுமதிச்சீட்டு அளித்தார். இடித்த படிக்கட்டு எவருக்காகக் கட்டப்பட்டதோ, அவ்வகுப்பைச் சேர்ந்த இளைஞர் இவ்வாறு மேல்மாடத்தில் அமர்ந்தார். கேட்டவற்றைப் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கேயே உதவியாளரானார். 1831இல் அவர் கண்ட மின்தூண்டலே இன்றும் மின்பிறப்பாக்கிகளை இயக்கும் தத்துவம்.

பேச்சால் உயர்ந்தவர் பேச்சை மறக்கவில்லை. 1825இல் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் தொடங்கின. சிறுவர்க்கான நத்தார்ப் பிரசங்கங்களும் அவ்வாண்டிலேயே எழுந்தன. இவ்விரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. நத்தார்த் தொடர்களில் பத்தொன்பதைப் பரடே தாமே நிகழ்த்தினார். பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது அவர் கொள்கை. (நம்மூர்ப் பேச்சாளர் சிலர் இதனைக் கவனிப்பாராக!)

அவர் தொடர்களுட் புகழ்பெற்றது 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய மெழுகுதிரிப் பிரசங்கம். அரிய கருவி எதையும் அவர் முதலில் எடுக்கவில்லை. எல்லார் வீட்டிலுமுள்ள மெழுகுதிரியை ஏற்றினார். பனிக்கட்டியும் உப்பும் இட்ட கலத்தைச் சுவாலையின் மேலே பிடித்தார். கலத்தின் அடியில் துளிகள் திரண்டன. நெருப்பிலிருந்து நீர் பிறந்ததைச் சிறுவர்கள் கண்ணாலேயே கண்டனர்.