குறைந்த செலவில் காருக்கு வேகம்: மைவி வைத்திருப்போர் முதலில் எதை மாற்றலாம்?

அப்பா ஓட்டிய பழைய மைவி மகன் கைக்கு வந்ததும், அதைக் கொஞ்சம் ‘மோடிஃபை’ செய்து பார்க்கும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. 2005-இல் பெரோடுவா மைவி சந்தைக்கு வந்த காலம்தொட்டு தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் பார்க்கிறோம். ஆசையில் தவறில்லை. ஆனால் முதல் சம்பளத்தில் பெரிய ரிம்மும் சத்தமான எக்ஸாஸ்டும் மாட்டிய கார்களில் பல, மாட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட மெதுவாகத்தான் ஓடுகின்றன.

கையில் ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட்தான் இருக்கிறது என்றால் அதை எந்த வரிசையில் செலவழிக்கலாம் என்று பார்ப்போம். 1.3 மைவியை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், சாகா, வீரா, ஆக்ஸியா போன்ற டர்போ இல்லாத சிறிய கார்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

இழந்த சக்தியை முதலில் மீட்டெடுங்கள்

முதல் தலைமுறை 1.3 மைவியின் எஞ்சின் புதிதாக இருந்தபோது ஏறக்குறைய 87 குதிரைத்திறன் கொடுத்தது. பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய காரில் அது முழுமையாக இருக்காது. தேய்ந்த பிளக், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், கரி படிந்த த்ரோட்டல், மாற்றப்படாத ஆட்டோ கியர் எண்ணெய், காற்றுக் குறைந்த டயர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். இவற்றைச் சரிசெய்தாலே ‘கார் புதுசு மாதிரி ஆகிவிட்டதே’ என்பார்கள். இதைவிட மலிவான மோடிஃபிகேஷன் கிடையாது.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. பூட்டைத் திறந்து பாருங்கள். சப்-வூஃபர் பெட்டி, பழைய பேட்டரி, எப்போதோ வாங்கி இறக்க மறந்த சாமான் என முப்பது நாற்பது கிலோ கிடக்கலாம். ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள காருக்கு அது பெரிய சுமை. ஸ்பேர் டயரையும் ஜாக்கியையும் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

சத்தம் கூடினால் வேகம் கூடாது

திறந்த கூம்பு வடிவ ஃபில்டர் பலருடைய முதல் தேர்வு. ஆனால் மூடிய பானெட்டுக்குள் அது இழுப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை. சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. கோலாலம்பூர் நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் கார் முன்பைவிடச் சோம்பலாகும். தொழிற்சாலை வைத்த பெட்டி, வெளிக்காற்றை இழுக்கும்படி குழாயோடு அமைக்கப்பட்டது. அதை விட்டுவைப்பதே நல்லது.

எக்ஸாஸ்ட் கதையும் இதுதான். சிறிய எஞ்சினுக்கு அகலக் குழாய் மாட்டினால் நாம் அன்றாடம் ஓட்டும் குறைந்த சுழற்சியில் இழுவை குறைவதுதான் வழக்கம். கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்டப்படி தவறு. நச்சுப் புகை வீட்டு வாசலுக்கே வரும்.

எண்ணெய் மிதியோடு இணைக்கும் ‘த்ரோட்டல் கன்ட்ரோலர்’ எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடச் சேர்ப்பதில்லை. பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைக் கால் இலவசமாகச் செய்யும். ரோன் 95-க்கு வடிவமைத்த எஞ்சினில் ரோன் 97 ஊற்றுவதிலும் உணரத்தக்க பலன் இல்லை. கணினியை ‘ரீமேப்’ செய்வது டர்போ கார்களில் பெரிய மாற்றம் தரும். டர்போ இல்லாத எஞ்சினில் கிடைக்கும் சொற்பத்துக்கு அந்தச் செலவு தகாது.

டயர்தான் முதல் செலவு

எவ்வளவு சக்தி இருந்தாலும் அது சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்களில்தான். நல்ல டயர் மாட்டினால் வளைவு, பிரேக், மழை மூன்றிலும் வித்தியாசம் தெரியும். நம் நாட்டு மாலை மழையை நினைத்தால் இது ஆடம்பரமல்ல.

வாங்கும்போது டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரித்தது. பூ ஆழமாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகி, ஈரத்தில் வழுக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டயரையும் ‘செலுப்’ டயரையும் வேகத்துக்காக மாட்டுவது முரண்.

அடுத்து அளவு. பழைய மைவியின் 175/65 ஆர்14 டயருக்கு மொத்த விட்டம் ஏறக்குறைய 583 மி.மீ. 185/55 ஆர்15 போட்டால் 584. கிட்டத்தட்ட அதே அளவு. 195/50 ஆர்15 என்றால் 576, அதுவும் பரவாயில்லை. 195/50 ஆர்16-க்குப் போனால் 601. மூன்று விழுக்காடு கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது கார் 103-இல் போகும். கேமரா மீட்டரைப் பார்ப்பதில்லை. அதோடு கியர் நீண்டதுபோல் ஆகி இழுவையும் குறையும்.

ரிம் வாங்கினால் அழகைப் பார்ப்பதற்கு முன் கையில் தூக்கிப் பாருங்கள். சுழலும் எடையை எஞ்சின் நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் ரிம்மில் கூடும் ஒரு கிலோ, சீட்டில் கூடும் ஒரு கிலோவைவிட அதிகம் இழுக்கும். மலிவான 17 அங்குல ரிம் மாட்டிய மைவி மேட்டில் திணறுவது இதனால்தான்.

பிரேக்

யாரும் பெருமையாகக் காட்டிக்கொள்ளாத இந்த இடத்தில்தான் பணத்துக்கு அதிகப் பலன் இருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டோட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த அளவு 140-க்கு இறங்கலாம். டோட் 4 வகைக்கு இது 230-உம் 155-உம். கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு அங்கே எளிதாக எட்டிவிடும். எண்ணெய் கொதித்து நீராவிக் குமிழி உண்டானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது.

இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். மூடியில் டோட் 3 என்று எழுதியிருந்தாலும் டோட் 4 ஊற்றலாம். டோட் 5 மட்டும் வேறு இனம், கலக்கக் கூடாது. பெட் மாற்றும்போது நல்ல தெரு ரகமே போதும். பந்தய ரகம் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலில் முதல் மிதியில் அது பிடிக்காது. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதற்குச் செலவே இல்லை.

அப்சோர்பரும் ஸ்பிரிங்கும்

மைவி வளைவில் அலைகிறது என்பார்கள். பாதிக் காரணம் செத்துப்போன அப்சோர்பர். நான்கையும் நல்ல தரத்தில் மாற்றி அலைன்மென்ட் பார்த்தாலே ஓட்டம் இறுகும். காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் குழியில் குதிக்கும்போது இடத்தைவிட்டு நழுவலாம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வரும் காரைத் தாழ்த்தினால் எண்ணெய்த் தொட்டி கல்லில் அடிபடும் என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் மாற்றுவதாக இருந்தால்

1.3 மைவியில் ‘ஹாஃப்-கட்’ 1.5 எஞ்சின் ஏற்றுவது பழகிய வேலை. உண்மையில் சக்தி கூட வேண்டுமென்றால் இதுவே நேர்வழி. ஆனால் எஞ்சின் எண் மாறுவதால் புஸ்பாகோம் பரிசோதனையும் ஜேபிஜே அனுமதியும் வேண்டும். கிரானில் புதிய எண் பதிவாக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதற்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று ஜேபிஜே-யில் கேட்டுவிடுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீது இல்லாவிட்டால் பிறகு சிக்கல்.

சாலை வரி கூடுமே என்று சிலர் மறைக்கிறார்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1.3-க்கு 70 ரிங்கிட், 1.5-க்கு 90 ரிங்கிட். வித்தியாசம் ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். அதற்காக மறைத்த எஞ்சின் விபத்து நாளன்று வெளிப்பட்டால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அப்போது கார் போனது மட்டுமல்ல, கடனும் நிற்கும். வங்கிக் கடன் முடியாத கார் என்றால் அது இன்னும் முழுதாக உங்களுடையது அல்ல. வங்கியிடமும் கேட்க வேண்டும். எஞ்சினைத் தொடாமல் ரிம், ஸ்பிரிங் மாற்றியவர்களும் காப்புறுதி புதுப்பிக்கும்போது முகவரிடம் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கழற்றிய பழைய சாமான்களைப் பட்டறையிலேயே விட்டு வராதீர்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றப் பரிசோதனைக்கு அவை மீண்டும் தேவைப்படலாம். மாட்டிய ரிம்மைத் தனியாக விற்றால் விலையும் கூடக் கிடைக்கும்.