கணனியின் நினைவும் பொத்தான் மின்கலமும்: ஒரு வரலாற்று நோக்கு

எழுதிவைக்கப்படாதது நிலைப்பதில்லை என்பது வரலாறு பயில்வோர் நன்கறிந்த உண்மை. அரசுகளுக்கும் ஊர்களுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, நாம் அன்றாடம் கையாளும் கணனிக்கும் பொருந்துவதை அண்மையில் இக்கட்டான வேளையொன்றில் உணர நேர்ந்தது. இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையின் பெரும்பகுதியைத் தாங்கியிருந்த எனது பழைய கணனி, இயக்கும்போதெல்லாம் பிழையான திகதியைக் காட்டத் தொடங்கிற்று. தாய்ப்பலகையிலுள்ள மின்கலம் தீர்ந்துவிட்டதெனக் கண்டு புதியதொன்றை இட்டேன். திகதி திருந்திற்று, ஆயின் கணனி பாதிவழியில் நின்றுவிட்டது. வன்தட்டு பழுதாகிவிட்டது, அதனை அழித்து எல்லாவற்றையும் புதிதாகப் பதிவதே வழி என நண்பரொருவர் கூறினார். வேறு பிரதி எடுத்து வையாத நிலையில், அவ்வாறு செய்திருப்பின் கட்டுரையும் அழிந்திருக்கும். உண்மையில் வன்தட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை எங்கிருந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இச்சிறு மின்கலம் கணனிக்குள் புகுந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட ஆள்சார் கணனியில் இத்தகைய மின்கலம் இருக்கவில்லை. எவ்வகைத் திரை பொருத்தப்பட்டுள்ளது, நெகிழ்தட்டு இயக்கிகள் எத்தனை, நினைவகம் எவ்வளவு என்பனவற்றைத் தாய்ப்பலகையிலிருந்த சிற்றாளிகளே தெரிவித்தன. எட்டு எட்டாக இரு தொகுதிகளில் அமைந்த அவ்வாளிகளைக் கையால் மேலும் கீழும் தள்ளி அமைத்தல் வேண்டும். கணனிக்குக் காலமும் தெரியாது. இயக்கும்போது திகதியையும் நேரத்தையும் அது பயனரிடமே வினவிற்று. விடையளிக்காவிடின் 1980 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியெனக் கொண்டது. இவ்வமைப்பு வசதிக் குறைவானதே. எனினும், ஆளியின் நிலை மின்சாரம் நின்றாலும் மாறுவதில்லை என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

1984 ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட ‘ஏ.ரி.’ என்னும் கணனியே இந்நிலையை மாற்றியது. மோட்டோறோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லொன்று அதிற் பொருத்தப்பட்டது. அச்சில்லில் 64 பைற்று நினைவிடம் இருந்தது. அவற்றுள் 14 கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் உரியன. எஞ்சிய 50 பைற்றுகளில் முன்னர் ஆளிகள் தாங்கிய செய்திகளும் வேறு சிலவும் எழுதப்பட்டன. செக்கனுக்கு 32,768 முறை அதிரும் பளிங்கொன்று கடிகாரத்தை ஓட்டிற்று. இரண்டைப் பதினைந்து முறை தன்னாற் பெருக்க வரும் எண் இதுவாகும்; எனவே பதினைந்து முறை பாதியாக்கினால் செக்கனுக்கு ஓரதிர்வு கிடைக்கும். மிகச் சிறிதளவு மின்னே போதுமான ‘சீமொஸ்’ முறையில் அச்சில்லு ஆக்கப்பட்டமையால், கணனி அணைந்திருந்த வேளையிலும் ஒரு மின்கலம் அதனைப் பல ஆண்டுகள் பேணக்கூடியதாயிற்று.

இங்குதான் சிக்கலின் வேரும் உள்ளது. அந்நினைவிடம் மின்னோட்டம் உள்ளவரை மட்டுமே நினைவைப் பேணும். மின்கலம் தீர்ந்தாலோ கழற்றப்பட்டாலோ எழுதியவை யாவும் மறையும். இதனை உணர்ந்தே வடிவமைத்தோர், எழுதப்பட்ட செய்திகளின் கூட்டுத்தொகையொன்றையும் அங்கேயே பதிந்து வைத்தனர். தொடங்கும்போது கணனி மீளக் கூட்டிப் பார்க்கும். தொகை ஒவ்வாவிடின் எச்சரிக்கும். மின்கலம் மாற்றியபின் திரையில் தோன்றும் பிழைச் செய்தி பெரும்பாலும் இதுவே. அது புதிய மின்கலத்தின் குற்றமன்று. பழைய நினைவு போய்விட்டதென்னும் அறிவிப்பேயாகும்.

அக்காலத்தில் இழப்பு மிகக் கடுமையானது. வன்தட்டின் வகையைப் பயனரே ஓர் எண்ணாற் குறித்தல் வேண்டியிருந்தது. ‘ஏ.ரி.’ கணனியோடு வந்த 20 மெகாபைற்று வன்தட்டின் வகை எண் 2. அவ்வெண் 615 உருளைகளையும் 4 தலைகளையும் குறித்தது. எண்ணை மறந்தவருக்கு வன்தட்டே இல்லாததாயிற்று. ஆதலால் அறிந்தோர் அவ்வெண்களைக் காகிதத் துண்டில் எழுதிக் கணனிப் பெட்டியில் ஒட்டிவைத்தனர். மின்கலம் மறந்ததைக் காகிதம் நினைவூட்டிற்று.

பின்னர் மின்கலங்களும் மாறின. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பல தாய்ப்பலகைகளில் இணைக்கப்பட்ட மீள்மின்னேற்றத்தக்க நிக்கல் கட்மியம் கலங்கள், முதுமையிற் கசிந்து செப்புத் தடங்களை அரித்தன. அவற்றின் பின் பரவலானதே சி.ஆர். 2032 என்னும் இலிதியம் பொத்தான் கலம். அதன் பெயரே அளவைக் கூறும்: விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். அழுத்தம் 3 வோல்ற்று. காலப்போக்கில் வன்தட்டின் அளவைக் கணனி தானே கேட்டறியும் ஆற்றலும் பெற்றது. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அமைப்புச் செய்திகள் மின்சாரமின்றியும் அழியாத நினைவகத்தில் உள்ளன. அவற்றில் மின்கலத்துக்குரிய பணி கடிகாரத்தை ஓட்டுவதே.

எனது கணனியோ இடைக்காலத்தது. மின்கலத்தை நீக்கியதும் அது தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் இடப்பட்டவற்றுக்குத் திரும்பியிருந்தது. வன்தட்டோடு தொடர்புகொள்ளும் முறைகளுள் ஐ.டி.ஈ. பழையது, 2004 இல் வரையறுக்கப்பட்ட ஏ.எச்.சி.ஐ. புதியது. பணிசெயல் முறைமை புதிய முறையிற் பதியப்பட்டிருக்க, கணனி பழைய முறைக்கு மீண்டுவிட்டது. எனவே முறைமை தன் வன்தட்டைத் தானே படிக்க இயலாது நின்றது. அவ்வொரு தெரிவை மாற்றிச் சேமித்ததும் எல்லாம் வழமைக்கு வந்தன.

இவ்வரலாற்றிலிருந்து செயன்முறை ஒழுங்கொன்று தானே புலனாகின்றது. மின்னிணைப்பைத் துண்டித்து, கூட்டற் குறியுள்ள பக்கம் மேலே தெரியுமாறு கலம் சரியாக அமர்ந்துள்ளதா எனப் பார்த்தல் முதலாவது. திகதியையும் நேரத்தையும் திருத்துதல் இரண்டாவது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத் தொடர்புகளும் மறுக்கப்படும். எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்னும் வரிசை, வன்தட்டின் தொடர்பு முறை, தொடக்கம் பழைய பயோஸ் வழியா புதிய யூ.ஈ.எஃப்.ஐ. வழியா என்னும் தெரிவு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக முந்தைய நிலைக்குக் கொணர்தல் மூன்றாவது. இவை யாவும் முடியுமுன் வன்தட்டை அழித்தல் ஆகாது.

சுருங்கக் கூறின், புதிய மின்கலம் இனிவரும் நினைவைக் காக்கும். இழந்த நினைவை அது மீட்டுத் தராது. மீட்டுத் தருவது எழுதிவைத்த குறிப்பே. 1984 இன் பயனர் பெட்டியில் ஒட்டிய காகிதத் துண்டு இன்றும் பயனற்றுப் போகவில்லை. கலத்தைக் கழற்றுமுன் அமைப்புத் திரைகளைப் படம் பிடித்தோ குறித்தோ வைப்பவர் அப்பழைய வழக்கத்தையே தொடர்கின்றார். ஆவணங்களின் அருமையைப் பிறருக்கு எடுத்துரைக்கும் கலைப்பீட மாணவனாகிய நான், என் சொந்த ஆவணத்துக்குப் பிரதியோ குறிப்போ வையாதிருந்தேன் என்பதை நாணத்தோடு இங்கே பதிந்து வைக்கின்றேன்.